ரெண்டு பக்கமும் மாறணும்

எல்லாருக்கும் வணக்கம். பேசக் கூப்பிட்டப்ப தலைப்பு 'இன்டராக்ஷன்'னு மட்டும்தான் சொன்னாங்க, மொழியில அது என்ன, இயற்பியல்ல என்ன, கம்ப்யூட்டர்ல என்னன்னு மூணையும் சேர்த்துப் பேசுங்கன்னாங்க. முன்னாடி காலேஜ் பசங்க உக்காந்திருக்கீங்க, பின்னாடி ரிட்டயர்டு வாத்தியாருங்க இருக்கீங்க, அதனால ஃபார்முலா எதுவும் போர்டுல எழுதாம பேசிப் பாக்கறேன்.

நம்ம வீடுகள்ல கதை சொல்றவங்க ஒரு கண்டிஷன் போடுவாங்க, கேக்கறவங்க 'ம்' கொட்டணும். 'ம்' நின்னா கதையும் நின்னுடும். புள்ள தூங்கிடுச்சான்னு தெரிஞ்சுக்கத்தான் இந்த ஏற்பாடுன்னு நாம நினைச்சுக்கறோம், ஆனா விஷயம் அதுக்கு மேல. கனடாவுல விக்டோரியா பல்கலைக்கழகத்துல ஜேனட் பவேலஸ்னு ஒரு உளவியல் பேராசிரியர், அவங்க குழு 2000ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. ஒருத்தர் தான் மயிரிழையில தப்பிச்ச ஒரு சம்பவத்தைச் சொல்லணும், எதிர்ல ஒருத்தர் உக்காந்து கேக்கணும். ஆனா கேக்கறவங்கள்ல ஒரு பகுதிப் பேர்கிட்ட மட்டும் தனியா ஒரு வேலை கொடுத்துட்டாங்க, சொல்றவர் பேச்சுல 'டி' (T)ங்கற இங்கிலீஷ் எழுத்துல ஆரம்பிக்கற வார்த்தைங்களை எண்ணிக்கிட்டே இருக்கணும்னு. இவங்க காது தொறந்துதான் இருக்கு, ஒரு வார்த்தை விடாம கவனிக்கறாங்க, ஆனா கதைக்குள்ள இல்ல, பயப்பட வேண்டிய எடத்துல முகத்துல பயம் வரல, 'அச்சச்சோ' வரல. அப்புறம் என்ன ஆச்சுன்னா கதை சொன்னவங்களே தடுமாற ஆரம்பிச்சுட்டாங்க. அதுலயும் முடிவுலதான் ரொம்ப மோசம், முடிச்சதையே மறுபடி முடிக்கறாங்க, இது ஏன் ஆபத்தான சம்பவம்னு விளக்கம் கொடுத்துக்கிட்டு நிக்கறாங்க. அவங்க வாழ்க்கையில அவங்களுக்கே நடந்த கதைங்க அது! எதிர்ல இருந்தவர் உள்ள வரலைங்கறதால சொந்தக் கதையையே சரியாச் சொல்ல முடியல.

நான் இன்னிக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான். ரெண்டு பேருக்கு நடுவுல, ரெண்டு பொருளுக்கு நடுவுல இன்டராக்ஷன் நடந்துச்சுன்னு நாம ஒத்துக்கணும்னா ரெண்டு பக்கமும் ஏதாவது மாறியிருக்கணும். ஒரு பக்கம் தள்ளி ஒரு பக்கம் மட்டும் நகர்ந்தா அதை வேற பேர் சொல்லிக் கூப்பிடுங்க, ஆட்சேபணை இல்ல, ஆனா இந்தப் பேரைக் கொடுக்காதீங்க. மூணு துறையையும் இந்த ஒரே கேள்வியை வச்சுத்தான் பாக்கப் போறேன்.

இதுல இயற்பியல் ரொம்பக் கறாரு. 1687ல நியூட்டன் மூணாவது விதியை எழுதினப்பவே கதை முடிஞ்சுபோச்சு, நீ தள்ளினா அது உன்னைத் தள்ளும், அதே அளவு, விதிவிலக்கே கிடையாது. பள்ளிக்கூடத்துல இதை மனப்பாடம் பண்ணிட்டு விட்டுடறோம், அதோட முழு வீச்சு மனசுல ஏறுறதில்ல. சூரியன் பூமியை இழுக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும், பூமியும் சூரியனை அதே பலத்தோட இழுக்குது, சூரியன் பெருசா இருக்கறதால அசைவு கொஞ்சமா இருக்கு, செகண்டுக்கு ஒரு 9 சென்டிமீட்டர் வேகம், அவ்வளவுதான். வியாழன் இழுக்கறப்ப அது செகண்டுக்கு 12 மீட்டருக்கு மேல. தூரத்து நட்சத்திரத்தைச் சுத்தற கிரகத்தைப் பெரும்பாலும் நேரா பாக்க முடியாது, நட்சத்திர வெளிச்சத்துல அது முழுகிடும், ஆனா நட்சத்திரம் லேசா முன்னாடி பின்னாடி ஆடுதான்னு அதோட ஒளியை வச்சுக் கண்டுபிடிச்சிடலாம். 1995ல மைக்கேல் மேயோரும் டிடியே கெலோவும் அப்படித்தான் 51 பெகாசிங்கற நட்சத்திரத்தைச் சுத்தற கிரகத்தைக் கண்டுபிடிச்சாங்க, நாலு நாளைக்குக் கொஞ்சம் மேல ஒரு சுத்து சுத்துது அது, அதுக்கு 2019ல நோபல் பரிசு கொடுத்தாங்க. யோசிச்சுப் பாருங்க, பெருசு சின்னதால மாறுது, அந்த மாற்றத்தை அளந்துதான் கண்ணுக்கே தெரியாத ஒரு உலகம் இருக்குன்னு சொல்றோம். எனக்கு இது எத்தனை வாட்டி நினைச்சாலும் சிலிர்க்குது.

இன்னொரு உதாரணம் நம்ம பக்கத்துலயே இருக்கு. திருவானைக்காவல்ல பொறந்த சி.வி. ராமன், வத்திராயிருப்புல பொறந்த கே.எஸ். கிருஷ்ணன், ரெண்டு பேரும் கல்கத்தாவுல பவ்பஜார் தெருவுல இருந்த ஆராய்ச்சிக் கூடத்துல வேலை பாத்தாங்க. பிப்ரவரி 28, 1928. வருஷா வருஷம் அந்தத் தேதியில அறிவியல் தினம்னு பள்ளிக்கூடத்துல போட்டி நடத்தறோம், எரிமலை மாடல் செய்யறோம், ஆனா அவங்க அன்னிக்கு என்ன பாத்தாங்கன்னு கேட்டா பாதிப் பேர் கடல் ஏன் நீலமா இருக்குன்னு கண்டுபிடிச்சாருன்னு சொல்லிடறாங்க. அது அதுக்கு முன்னாடி 1921 கப்பல் பயணத்துல அவர் மனசுல விழுந்த கேள்வி, அது வேற. 1928ல பாத்தது என்னன்னா, ஒரே நிறத்துல இருக்கற ஒளியை ஒரு திரவத்துக்குள்ள விடறாங்க. உள்ள போற ஒளி மூலக்கூறுங்க மேல பட்டு நாலா பக்கமும் சிதறும். கிட்டத்தட்ட எல்லாமே போன நிறத்துலயே திரும்பி வரும், ஆனா சுமாரா ஒரு கோடியில ஒண்ணு மட்டும் வேற நிறத்துல வரும். ஏன்? அந்த ஒளித்துகள் மூலக்கூறுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துட்டு வருது, மூலக்கூறு அந்த ஆற்றலை வாங்கி அதிர ஆரம்பிக்குது. ஏற்கெனவே அதிர்ந்துக்கிட்டிருக்கற மூலக்கூறா இருந்தா அதுகிட்டருந்து ஆற்றலை வாங்கிக்கிட்டும் வரலாம், அப்ப நிறம் நீலப் பக்கமா நகரும். ஒவ்வொரு பொருளோட மூலக்கூறுக்கும் அதிர்ற விதம் தனி, அதனால திரும்பி வர்ற ஒளியோட நிறத்தைப் பாத்தே அது யாரைச் சந்திச்சுட்டு வந்துச்சுன்னு சொல்லிடலாம். இன்னிக்கு மருந்துக் கம்பெனியில மூலப்பொருள் சரியான சரக்கான்னு பாக்கறதும் இதை வச்சுத்தான், 2021ல செவ்வாய்ல இறங்கின பெர்செவரன்ஸ் வண்டியில பாறையைச் சோதிக்கற கருவியும் இதை வச்சுத்தான். மாறாம திரும்பி வந்த அந்த மத்த ஒளியெல்லாம் இந்த விஷயத்துல ஊமை.

மாறாதது எதையும் சொல்லாதுங்கறதுக்கு நியூட்ரினோங்கற நுண்துகள்தான் பெரிய சாட்சி. சூரியன்லருந்து வர்ற நியூட்ரினோ நம்ம விரல் நகம் அளவு எடத்துல செகண்டுக்கு 6,500 கோடி கடந்து போகுது, ராத்திரியிலயும் போகுது, பூமியைத் துளைச்சுக்கிட்டு கீழ இருந்து மேல வரும். நமக்கு ஒண்ணும் ஆகறதில்ல. அதுக்கும் ஒண்ணும் ஆகறதில்ல. 1930ல பவுலிங்கற இயற்பியலாளர் இப்படி ஒண்ணு இருக்கணும்னு சொன்னதுக்கு அப்புறம் 1956லதான் ரைனஸும் கோவனும் அதைப் பிடிச்சாங்க, 26 வருஷம், அதுவும் அணு உலைக்குப் பக்கத்துல உக்காந்து. அண்ட வெளிக் கதிருங்க காத்துமண்டலத்துல உண்டாக்கற நியூட்ரினோவை முதல்ல பதிவு பண்ணின எடங்கள்ல ஒண்ணு கோலார் தங்க வயல், 1965, டாடா ஆராய்ச்சி நிறுவனமும் ஒசாகா சிட்டி, டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து பண்ணின வேலை. வட ஆற்காடு பக்கத்துலருந்து போன நம்ம ஜனங்க தலைமுறை தலைமுறையா இறங்கி வேலை பாத்த அதே சுரங்கம், ரெண்டு கிலோமீட்டருக்கு மேல ஆழம். அவ்வளவு ஆழத்துக்கு ஏன் போகணும்னா மத்த எல்லாமே வழியில பாறையோட மோதி நின்னுடும், மோதாம வர்றது இது ஒண்ணுதான். அப்பவும் எப்பவாவது ஒண்ணு மோதினாத்தான் நமக்குத் தெரியும்.

ஈர்ப்பு, மின்காந்தம், அணுக்கருவுக்குள்ள ஒரு வலுவான விசை, ஒரு வலுக்குறைஞ்ச விசை, இந்த நாலையும்தான் இயற்பியல் பாடப்புத்தகம் அடிப்படை இடைவினைங்க, அதாவது இன்டராக்ஷனுங்கன்னு சொல்லுது, அதுக்குள்ள இப்ப போக வேணாம். பேச்சுக்கு வருவோம்.

நாம பேசறப்ப ஒருத்தர் முடிச்சு அடுத்தவர் ஆரம்பிக்கறதுக்கு நடுவுல எவ்வளவு இடைவெளி இருக்கும்னு நினைக்கிறீங்க? டானிஷ், ஜப்பான் மொழி, கொரியன், லாவோன்னு பத்து மொழியில அளந்து 2009ல வெளியிட்டாங்க, சராசரியா ஒரு செகண்டுல அஞ்சுல ஒரு பங்கு. மொழிக்கு மொழி கொஞ்சம் வித்தியாசம் இருக்கு, ஆனா எல்லாமே அரை செகண்டுக்குள்ள. இதுல ஆச்சரியம் எங்கன்னா, ஒரு படத்தைப் பாத்து அதோட பேரை வாயில கொண்டு வரதுக்கே நமக்கு அரை செகண்டுக்கு மேல ஆகுது. அப்ப எதிராளி முடிச்ச அப்புறம் யோசிச்சு பதில் சொல்றோம்ங்கறது நடக்கவே முடியாது, அவர் பேசிக்கிட்டிருக்கறப்பவே எங்க முடிப்பாருன்னு ஊகிச்சு நாம வாயைத் தயார் பண்ணிக்கறோம். அவரும் நம்ம முகத்தைப் பாத்து வாக்கியத்தை வளைக்கறார், நீட்டறார், "அதான், உங்களுக்குத்தான் தெரியுமே"ன்னு பாதியில விடறார். ஒரு வாக்கியத்தை ஒரு ஆள் பேசறான்னு இலக்கணத்துல வச்சுக்கலாம், வாழ்க்கையில அதை ரெண்டு பேர் சேர்ந்துதான் பேசறாங்க.

இதை இன்னும் பளிச்னு காட்டினது குழந்தைங்க. பெத்தவங்க யாராவது இங்க இருந்தா இந்த எடத்தைக் கொஞ்சம் கவனிச்சுக் கேளுங்க. சியாட்டில்ல பேட்ரிஷியா கூல்னு ஒரு ஆராய்ச்சியாளர், 2003. அமெரிக்காவுல இங்கிலீஷ் பேசற வீட்டுல வளர்ற ஒன்பது மாசக் குழந்தைங்களை எடுத்துக்கிட்டாங்க. ஒரு குழுவுக்குச் சீன மொழி பேசறவங்க நேர்ல வந்து, கீழ உக்காந்து, பொம்மை வச்சு விளையாடி, புத்தகம் காட்டிப் பேசினாங்க, மொத்தம் 12 வாட்டி, வாட்டிக்கு 25 நிமிஷம். இன்னொரு குழுவுக்கு அதே ஆளுங்க, அதே பொம்மை, அதே பேச்சு, ஆனா டிவியில. நேர்ல கேட்ட குழந்தைங்க சீன மொழியில இருக்கற, இங்கிலீஷ்ல இல்லாத ஒலி வித்தியாசத்தைக் கண்டுபிடிச்சுச்சுங்க, தைவான்ல வளர்ற குழந்தைங்க அளவுக்கு. டிவி பாத்த குழந்தைங்க ஒண்ணுமே கத்துக்கல. கொஞ்சம் கம்மியாக் கூட இல்லீங்க, சீன மொழியே கேக்காத குழந்தைங்க மாதிரியே இருந்துச்சுங்க. டிவியில இருக்கறவங்க குழந்தையைப் பாத்து சிரிக்கறாங்க, ஆனா இந்தக் குழந்தை சிரிச்சதால அவங்க சிரிக்கல, அதுதான் குறை. நேர்ல இருக்கற உடம்புதான் முக்கியமோன்னு சந்தேகம் வரும், அதுக்கும் பதில் இருக்கு, 2014ல வேற ஒரு குழு ரெண்டு ரெண்டரை வயசுக் குழந்தைங்களுக்கு வீடியோ கால்ல புது வார்த்தை கத்துக்கொடுத்துப் பாத்தாங்க, குழந்தை பண்றதைப் பாத்து எதிர்ல இருக்கறவர் பதில் சொன்னா ஸ்கிரீன் வழியாவும் கத்துக்குதுங்க, ரெக்கார்டு பண்ணின வீடியோன்னா இல்ல. ஊர்ல இருக்கற தாத்தா பாட்டிங்க பேரப்புள்ளைங்களோட வாட்ஸ்அப்ல பேசறீங்க இல்ல, அது வீண் போகல, தைரியமா பேசுங்க. புள்ளை சாப்பிடணும்னு கையில ரைம்ஸ் வீடியோ போட்டுக் கொடுத்துட்டு பேச்சு கத்துக்குதுன்னு நினைச்சா அதுதான் வீண்.

இப்ப கம்ப்யூட்டர். இந்த வார்த்தையை ரொம்ப மலிவாக்கினது இந்தத் துறைதான்னு எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஒரு காலத்துல புரோகிராமை அட்டைங்கள்ல ஓட்டையாப் போட்டு, அந்த அட்டைக் கட்டை ஜன்னல்ல கொடுத்துட்டு மறுநாள் வந்து ரிசல்ட் வாங்கிட்டுப் போவாங்க. 1961ல அமெரிக்காவுல எம்ஐடி பல்கலைக்கழகத்துல கோர்பட்டோ ஒரே மெஷினைப் பல பேர் ஒரே நேரத்துல தட்டிப் பேசற மாதிரி பண்ணினாரு, 1963ல சதர்லேண்ட் ஸ்கிரீன் மேல ஒளிப்பேனா வச்சு வரைய வச்சாரு, 1968 டிசம்பர்ல சான் பிரான்சிஸ்கோவுல எங்கெல்பார்ட் மவுஸைக் காட்டினாரு. பெரிய சாதனைங்க, சந்தேகமே இல்ல. ஆனா அதுக்கப்புறம் பட்டனை அமுக்கினா கலர் மாறினாப் போதும், இன்டராக்டிவ்னு பேர் வச்சுடறாங்க.

மெஷின் எதிர்ல இருக்கற மனுஷனைப் பாக்கலைன்னா என்ன ஆகும்னு ஒரு சம்பவம் சொல்றேன், கம்ப்யூட்டர் படிக்கற பசங்க கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். தெராக்-25ன்னு ஒரு கதிர்வீச்சு சிகிச்சை மெஷின், புற்றுநோய்க்கு. 1986 மார்ச், டெக்சாஸ்ல டைலர்ங்கற ஊர். ஆபரேட்டர் ஸ்கிரீன்ல எலக்ட்ரான்னு டைப் பண்றதுக்குப் பதிலா எக்ஸ்ரேன்னு தட்டிட்டாங்க, உடனே கவனிச்சு மேல போய்த் திருத்திட்டு சட்டுனு கீழ வந்துட்டாங்க, பழகின கை, வேகம். மெஷினுக்கு உள்ள காந்தங்களைச் செட் பண்ண சுமார் 8 செகண்டு ஆகும், அந்த 8 செகண்டுக்குள்ள திருத்தினா அது திருத்தினதையே கவனிக்காது. ஸ்கிரீன்ல திருத்தினது தெரியுது, மெஷின் உள்ள பழையபடி இருக்கு. 'மால்ஃபங்ஷன் 54'னு ஒரு வரி வந்துச்சு, அதுக்கு என்ன அர்த்தம்னு யாருக்கும் சொல்லித் தரல, டோஸ் கம்மியாப் போயிருக்குன்னு காட்டுச்சு, அதனால தொடர்றதுக்கான பட்டனைத் தட்டினாங்க, மறுபடி பாய்ஞ்சுச்சு. கொடுக்க வேண்டியதைப் போல நூறு மடங்கு வரைக்கும் போயிருக்கலாம்னு பின்னாடி கணக்குப் போட்டாங்க. உள்ள படுத்திருந்த மனுஷன் துடிச்சு எழுந்திருக்கப் பாத்திருக்காரு, அன்னிக்கு அந்த ரூமோட கேமரா கனெக்ஷன் இல்ல, ஒலிபெருக்கி ரிப்பேர். அவர் குரல் வெளிய வரல. அடுத்த மாசம் அதே எடத்துல இன்னொருத்தர். ரெண்டு பேருமே இறந்துட்டாங்க. 1985க்கும் 87க்கும் நடுவுல இந்த மெஷினால ஆறு விபத்து. புரோகிராம்ல தப்பு இருந்துச்சு, உண்மை, ஆனா டைலர்ல நடந்ததுக்குக் காரணமான அந்தத் தப்பு ஆபரேட்டர் இந்த வேகத்துல இந்த வரிசையில தட்டினாத்தான் வெளிய வரும், தனியா மெஷினை மட்டும் எத்தனை நாள் சோதிச்சாலும் வராது. ஆபத்து ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்துச்சு, அந்த நடுவுல யாரும் பாக்கல.

லூசி சச்மன்னு ஒரு மானுடவியலாளர், 80கள்ல ஜெராக்ஸ் கம்பெனி ஆராய்ச்சி மையத்துலயே இருந்துக்கிட்டு இதே 'நடுவை'த்தான் படிச்சாங்க. புதுசா வந்தவங்க ரெண்டு ரெண்டு பேரா ஒரு பெரிய காப்பி மெஷினோட போராடறதை வீடியோ எடுத்தாங்க. அவங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கறாங்க, 'இது எதுக்கு', 'மறுபடி அதையே கேக்குதே'ன்னு குழம்பறாங்க, மெஷினுக்கு அது எதுவுமே எட்டாது, எந்த மூடி தொறந்துச்சு, எந்த பட்டன் அமுங்குச்சு, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். ரெண்டு பக்கமும் ஒரே வேலையைப் பண்றோம்னு நம்பிக்கிட்டு வேற வேற வேலை பண்ணிக்கிட்டிருக்காங்க. இப்ப வர்ற சாட்பாட்டுங்க நாம எழுதறதுக்குத் தகுந்த மாதிரி பதிலை மாத்துது, அந்தப் பேச்சு ஓடற வரைக்கும் உண்மையிலயே வளைஞ்சு கொடுக்குது, அதை நான் குறைச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா பயிற்சி முடிஞ்ச அந்த மாடல் நாம பேசறதால அந்த நேரத்துல மாறிடறதில்ல. நமக்கு ஒரு ராத்திரி முழுக்கப் பேசின ஞாபகம் இருக்கும், அந்த மாடல் நேத்து இருந்த மாதிரியே இருக்கும். இதை மனசுல வச்சுக்கிட்டுப் பேசினா நல்லது.

கம்ப்யூட்டர் துறையிலயே இதுக்கு நேர் எதிர்ப் பக்கமும் இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச பக்கம். எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாதுன்னு வச்சுக்கங்க. உங்க கையில ரெண்டு பேனா, ஒண்ணு சிவப்பு ஒண்ணு பச்சை, மத்தபடி அச்சு அசலா ஒண்ணு. ரெண்டும் வேற வேறன்னு எனக்கு நிரூபிக்கணும், எப்படிப் பண்ணுவீங்க? எத்தனை பக்கம் எழுதிக் கொடுத்தாலும் என் கண்ணுக்கு எட்டாது. ஆனா நான் ரெண்டையும் முதுகுக்குப் பின்னாடி கொண்டுபோய், மாத்தினாலும் மாத்துவேன், மாத்தாமலும் இருப்பேன், திரும்பக் காட்டி "மாத்தினேனா?"ன்னு கேக்கறேன். ரெண்டும் ஒரே நிறமா இருந்தா நீங்க குருட்டாம்போக்குலதான் சொல்லணும், பாதி வாட்டி மாட்டிப்பீங்க. 20 வாட்டி கேட்டு 20ம் சரியாச் சொன்னா, அது அதிர்ஷ்டத்துல நடக்கறதுக்கு வாய்ப்பு பத்து லட்சத்துல ஒண்ணு கூட இல்ல. இப்ப நான் நம்பித்தான் ஆகணும், பார்வை எனக்கு இன்னும் வரல, ஆனா உண்மை தெரிஞ்சுபோச்சு. 1985ல கோல்ட்வாஸர், மிக்காலி, ராக்காஃப் மூணு பேரும் இந்த மாதிரி கேள்வி பதிலா நடக்கற நிரூபணத்தை முறையான கணிதமாக்கினாங்க. 1990ல ஆதி ஷமீர், மத்தவங்க போட்ட அடித்தளத்து மேல நின்னு, இப்படிக் கேட்டுக் கேட்டுச் சரிபாக்கறதால எட்டக்கூடிய எல்லை எவ்வளவு பெருசுன்னு காட்டினாரு, எழுதிக் கொடுத்த நிரூபணத்தைச் சும்மா படிச்சுப் பாக்கறதால எட்டற எல்லையை விட அது ரொம்ப தூரம் தள்ளி இருக்குன்னுதான் இந்தத் துறைக்காரங்க நம்பறாங்க. பாருங்க, இங்க கேள்வி கேக்கறவன் பலவீனமானவன், பதில் சொல்றவன் எல்லாம் தெரிஞ்சவன். பலவீனமானவன் கையில இருக்கறது ஒண்ணே ஒண்ணு, அவன் அடுத்து என்ன கேப்பான்னு பதில் சொல்றவனுக்கு முன்கூட்டித் தெரியாது.

கடைசியா மத்திய அமெரிக்காவுல இருக்கற நிகராகுவாவுக்குப் போகணும். 1977ல மனாகுவாவுல காது கேக்காத குழந்தைங்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க. அதுவரைக்கும் அந்தக் குழந்தைங்க அவங்கவங்க வீட்டுல தனித்தனியா, குடும்பத்துக்கு மட்டும் புரியற சில சைகைங்களோட இருந்தாங்க. வாத்தியாருங்க உதட்டசைவைப் பாத்து ஸ்பானிஷ் கத்துக்கொடுக்கப் பாத்தாங்க, பெருசா பலிக்கல. ஆனா பஸ்லயும் மைதானத்துலயும் பசங்க ஒருத்தரோட சைகையை ஒருத்தர் வாங்கி, மாத்தி, திருப்பிக் கொடுத்து, சில வருஷத்துல அங்க ஒரு மொழி வந்துடுச்சு. யாரும் சொல்லித் தரல, எந்த ஊர் மொழியும் கிடையாது. மொழியியலாளருங்க போய் அது பொறக்கறதைக் கண்ணால பாத்து எழுதி வச்சிருக்காங்க. அதுல ஆன் செங்காஸும் கூட வேலை பாத்தவங்களும் 2004ல ஒரு நுணுக்கமான விஷயம் சொன்னாங்க. ஒருத்தன் உருண்டுக்கிட்டே சரிவுல இறங்கறான்னு வைங்க, காது கேக்கறவங்க கையால காட்டினா உருள்றதையும் இறங்கறதையும் ஒரே அசைவுல காட்டுவாங்க. முதல்ல வந்த பெரிய பசங்களும் பெரும்பாலும் அப்படித்தான். பின்னாடி சின்ன வயசுல வந்து சேர்ந்த பசங்க 'உருள்'னு ஒரு சைகை, 'இறங்கு'ன்னு ஒரு சைகை, ரெண்டையும் தனித்தனியாப் பிரிச்சு வரிசையாக் கோத்தாங்க, நாம வார்த்தைங்களைக் கோக்கற மாதிரியே. மொழியை வாங்கினவங்களே அதை மாத்திட்டாங்க.

ஆனா நேர்மையா ஒண்ணு சொல்லணும், நான் ஆரம்பத்துலருந்து சொல்லிக்கிட்டு வர்றதுக்கு இது கொஞ்சம் இடிக்குது. சின்னப் பசங்க கொண்டு வந்த இந்தப் புது முறை பெரியவங்க கைக்கு அவ்வளவாத் திரும்பிப் போகல. அதே ஊர், அதே ஜனங்க, ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கிட்டுத்தான் இருக்காங்க, ஆனாலும் அவங்க தங்களோட பழைய முறையிலயே இருந்துட்டாங்க. வயசு ஒரு காரணம்னு சொல்றாங்க, நியாயமாத்தான் படுது. இதைப் பத்தி உங்களுக்கு வேற ஏதாவது தோணுச்சுன்னா இப்பவே கேளுங்க, மைக்கை அந்தப் பக்கம் அனுப்பறேன்.